அல்லது கூடாது

சாந்தாமணிக்கு எலுமிச்சை ஊறுகாய் என்றால் உயிர். செவிலிக்கு அது ஆகாது. திருப்பூரில் அவர்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டின்போது இந்த இருவருக்கும் தினமும் தகராறு நடக்கும். செவிலி ஃபோனுக்குள் இருந்தது. பாட்டில் மூடியைத் திருகும் சத்தம் கேட்டாலே அதற்குத் தெரிந்துவிடும்.

“உங்கள் ரத்த அழுத்தம் நேற்று வழக்கத்தைவிட அதிகம். ஊறுகாயில் இருக்கும் உப்பு அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்” என்று ஆரம்பிக்கும்.

“நேத்து மூணாவது மாடி ஏறிப்போயி ஒருத்தரப் பாத்துட்டு, மூச்சு வாங்கறப்ப பாத்த பிரஷர் அது. அதைக் கணக்குல எடுத்தியா?”

செவிலி எடுத்திருக்காது. தவறை ஒப்புக்கொண்டு, கணக்கைத் திருத்தி மறுபடி சொல்லும். அதற்குள் ஊறுகாய் தட்டுக்கு வந்திருக்கும்.

சாந்தாமணி இன்சூரன்ஸ் ஏஜென்ட். பாலிசியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவாள். அதைக் கேட்டுப் பயந்து சில வாடிக்கையாளர்கள் ஓடிப்போனதும் உண்டு. கேள்வி கேட்காமல் எதையும் விழுங்கும் பழக்கம் அவளுக்கு இல்லை, மாத்திரை உட்பட. அதனால் செவிலி அவளை நான்காம் படியில் வைத்திருந்தது.

இந்தப் படி விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். டாக்டர்கள் நோயாளிக்கு விளக்கம் சொல்வதை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர்கள் அதில் எப்போதும் பெரிய கெட்டிக்காரர்களாக இருந்ததில்லை என்பதால் யாரும் அழவில்லை. அந்த வேலையைச் செவிலி எடுத்துக்கொண்டது. பேச்சுக் கொடுத்து, சில கேள்விகள் கேட்டு, ஒருவருக்கு எவ்வளவு புரியும் என்று கண்டுபிடித்து, ஐந்து படிகளில் ஒன்றில் உட்காரவைக்கும். ஐந்தாம் படிக்காரருக்கு எல்லாம் கிடைக்கும். பரிசோதனை எண்கள், இருக்கும் வழிகள், ஒவ்வொரு வழியிலும் உள்ள ஆபத்து, எதுவுமே வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பது வரை. படி இறங்க இறங்க எண்கள் உதிரும், வழிகள் குறையும், தமிழ் இளகும். முதல் படியில் அந்தந்த ஊர்ப் பேச்சிலேயே பேசும். கொங்கு நாட்டில் ‘ஏனுங்கம்மா’ என்று கூப்பிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லி, ‘சரிங்களா?’ என்று கேட்கும். கேட்டவர் ‘சரி’ என்றால் அதுதான் சம்மதம். சட்டப்படி செல்லும்.

இதில் பழிக்க ஒன்றுமில்லை. மாத்திரையை மாற்றிப் போட்டு மயங்கி விழுகிறவர்கள் குறைந்தார்கள். சர்க்கரைக்காரர்கள் பலருக்குக் கால் தப்பியது. படிக்காதவர்களை நர்சுகள் அதட்டுவதும் நின்றுபோயிருந்தது.

செவிலிக்கு முதல் படி வாக்கியங்களை எழுதிக்கொடுப்பவர்களில் ஒருத்தி மிருதுளா, சாந்தாமணியின் ஒரே மகள். கோயம்புத்தூரில் அலுவலகம், புற்றுநோய்ப் பிரிவு. அவள் மேசைக்கு எதிரே சுவரில் முதல் படிக்கான விதிகள் ஒட்டியிருந்தன. ஒரு செய்திதான் சொல்ல வேண்டும். ஒரு வேலைதான் கொடுக்க வேண்டும். எண் கூடாது. ‘அல்லது’ கூடாது. இரண்டு வழிகளைச் சொன்னால் முதல் படிக்காரர் குழம்பிப்போய், இரண்டையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார் என்று ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருந்தார்கள். எனவே மருத்துவம் முதலில் பரிந்துரைக்கும் வழி ஒன்றுதான் அவருக்குச் சொல்லப்படும். அவர் ‘வேண்டாம்’ என்றாலோ பேசாமல் இருந்தாலோ, அவருக்குப் புரியவில்லை என்று பொருள். அதையே இன்னும் எளிமையாக மறுபடி சொல்ல வேண்டும். மிருதுளா இதில் சூரப்புலி. அவள் எழுதிய வாக்கியங்களுக்கு ஜனங்கள் சீக்கிரமே சரி சொன்னார்கள்.

தீபாவளி கழிந்ததும் சாந்தாமணிக்கு மேல்வயிற்றில் வலி வந்து முதுகுவரை பரவியது. ஊறுகாய்தான் காரணம் என்றார் ஈஸ்வரமூர்த்தி. அவர் அவள் கணவர். பனியன் கழுத்தில் வைக்கும் லேபிள்களை அச்சடிக்கும் பட்டறை நடத்தி வந்தார். ஸ்கேன் எடுத்தார்கள்.

பரிசோதனை முடிவு நோயாளிக்கு வருவதற்கு முந்தின நாளே அவருடைய துணைக்கு வந்துவிடும். துணை என்பது வீட்டில் பதிந்துவைக்கப்பட்ட ஓர் ஆள். கெட்ட செய்தி வரும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும் என்று நல்ல மனதோடு யாரோ போட்ட விதி. அந்த ஒரு நாளை நம் ஜனங்கள் படி இறக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். நோயாளியிடம் நோயைச் சொல்லாமல் மறைப்பது நமக்குப் பழக்கமான அன்பு. முன்பெல்லாம் டாக்டரைத் தனியே கூப்பிட்டு, ‘அவருகிட்டச் சொல்லிராதீங்க’ என்று கையைப் பிடித்துக்கொள்வோம். பிடித்துக்கொள்ளச் செவிலிக்குக் கை இல்லை. எனவே அப்பா குளிக்கப் போனதும் அவர் ஃபோனை எடுத்து, படி சரிபார்க்கும் கேள்விகளுக்கெல்லாம் தப்பாகப் பதில் சொல்லி, அவரை முதல் படிக்கு இறக்கிவிடுவார்கள். முதல் படியில் புற்றுநோய் என்ற சொல்லே கிடையாது. ஆஸ்பத்திரி வாசல் ஜெராக்ஸ் கடைகளில் ‘படி இறக்கித் தரப்படும்’ என்று போர்டே தொங்கியது. செவிலியை நடத்தும் கம்பெனிக்கும் தெரியும். குடும்பங்கள் திருப்தியாக இருந்ததால் கண்டுகொள்ளவில்லை. ஆனால் இறங்கிய படியிலிருந்து மறுபடி ஏற, மூன்று மாதம் காத்திருந்து நேரில் தேர்வுக்கு உட்கார வேண்டும். அவசரப்பட்டு ஏறுகிறவர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று அதற்கும் ஓர் ஆராய்ச்சி இருந்தது.

சாந்தாமணியின் துணை மிருதுளா. அவள் ஐந்தாம் படி என்பதால் செவிலி எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னது. கணையத்தில் கட்டி. பக்கத்து ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது. அலுவலக கேன்டீனில் உட்கார்ந்து படித்தாள். வாங்கி வைத்த டீயைக் குடிக்காமல் எழுந்து பஸ் பிடித்தாள். வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்குப் போனாள்.

ஈஸ்வரமூர்த்தி மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் லேபிள் சுருள் ஒன்றைக் கையில் எடுத்து, சுற்றியதையே மறுபடி அவிழ்த்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அம்மாவுக்குத் தெரியக் கூடாது அம்மிணி” என்றார்.

அம்மா ஏமாறுகிற ஆளில்லை, கேள்வி கேட்பாள் என்றாள் மிருதுளா.

“கேப்பா. அதுக்குத்தான் சொல்றேன். அந்த ஃபோனு எல்லாத்துக்கும் பதில் சொல்லிப்போடும். எத்தன மாசம்னு கேட்டா அதையும் சொல்லும். அவ பக்கத்துல படுத்துட்டு எண்ணிட்டே கெடப்பா. அதைப் பாத்துட்டு நான் எப்படி இருக்கறது? உன்னால ஆகும், நீ அந்த வேலைலதான இருக்கற.”

மிருதுளாவுக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. அதைவிட, அம்மா அந்த எண்ணைப் படிக்கும்போது தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது பயமாக இருந்தது. பயம்தான் ஜெயித்தது. சாயங்காலம் சாந்தாமணி குளிக்கப் போனபோது ஃபோனை எடுத்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா என்ன சொல்வாள் என்று யோசித்து, அதற்கு நேரெதிராகச் சொல்லிக்கொண்டு போனாள். வேலை சுருக்காக முடிந்தது.

மறுநாள் காலை சாந்தாமணி இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கையில் ஃபோன் பேசியது.

“ஏனுங்கம்மா, வகுத்துல ஒரு கட்டி இருக்குதுங்க. புதன்கெழம ஆஸ்பத்திரிக்கு வந்தா எடுத்துப்போடுவாங்க. சரிங்களா?”

மிருதுளா எழுதிய வாக்கியம்தான். போன வருடம் அதற்குக் கம்பெனியில் கேடயம் கொடுத்திருந்தார்கள்.

சாந்தாமணி ஃபோனைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் சட்னிக் கிண்ணத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மகளையும் பார்த்துவிட்டு, “என்ன கட்டி?” என்று ஃபோனிடம் கேட்டாள்.

“கட்டிங்கம்மா. எடுத்துப்போடோணும். சரிங்களா?”

அவள் சரி என்று சொல்லவில்லை. ஊறுகாய் பாட்டிலை இழுத்து, மூடியைத் திருகித் திறந்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுத்துத் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தாள். செவிலி ஒரு வார்த்தை பேசவில்லை. மூடியைப் போட்டுவிட்டு, சாப்பிடாமலே கைகழுவப் போனாள்.

பத்து மணி வாக்கில், அவிநாசியில் ஒருவரைப் பார்க்க வேண்டும், வண்டியை எடு என்றாள். மிருதுளா ஸ்கூட்டரை ஓட்ட, சாந்தாமணி பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஊர் எல்லையைத் தாண்டியதும் காதுக்குப் பக்கத்தில் குரல் கேட்டது.

“என்ற படிய ஆரு எறக்குனது? நீயா, உங்கப்பனா?”

முகம் தெரியாமல் இருந்தது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

“நான்தான்மா.”

“அது ‘ஏனுங்கம்மா’ன்னு கூப்பிட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. ஃபோனு திடீர்னு மரியாதையாப் பேசுனா என்ன அர்த்தம்னு ஊருக்கே தெரியுமே. ஊறுகாய்க்குக்கூட ஒண்ணும் சொல்லல பாத்தியா?”

மறைப்பதற்காக எல்லோரும் செய்கிற காரியம், எல்லோரும் செய்வதாலேயே எதையும் மறைக்காமல் போயிருந்தது. இத்தனை நாள் அந்த வேலையில் இருந்தும் மிருதுளாவுக்கு இது தோன்றவில்லை.

சாந்தாமணி வண்டியை நிறுத்தச் சொன்னாள். சாலையோரம் ஒரு கரும்புச்சாறு வண்டி நின்றது. அங்கே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, “முழுசாச் சொல்லு” என்றாள். மிருதுளா ஐந்தாம் படியில் தனக்குச் சொல்லப்பட்டதையெல்லாம் சொன்னாள். ஆபரேஷன் பெரியது. மேசையிலிருந்து திரும்பாதவர்கள் உண்டு. திரும்புகிறவர்களுக்குச் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைக்கும்; அதில் பாதி ஆஸ்பத்திரியில் கழியும்; இந்த நிலையில் கட்டி பெரும்பாலும் மறுபடி வரும். இன்னொரு வழி வெட்டாமல் விடுவது. வலிக்குப் பலமான மருந்து வீட்டுக்கே வரும், நர்ஸ் வந்து பார்ப்பார். காலம் குறைவு, ஆனால் பெரும்பாலும் நடமாடிக்கொண்டிருக்கலாம். எத்தனை மாதம் என்று சாந்தாமணி கேட்டாள். அதையும் சொன்னாள்.

சாந்தாமணி கரும்பு பிழியும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மிருதுளாதான் அழுதாள்.

“எனக்கு ரெண்டாவதே போதும். என்ற கையால எத்தன டெத் கிளெய்ம் வாங்கிக் குடுத்திருப்பேன். கடைசி மாசமெல்லாம் ஆஸ்பத்திரியிலயே போயிருக்கும், வீட்டுக்காரங்களுக்கு மூஞ்சிகூட நெனவிருக்காது. நான் என்ற வீட்டுல இருந்துக்கறேன். உங்கப்பங்கிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றாள். பிறகு, இஞ்சி போடாமல் ஒரு கரும்புச்சாறு வாங்கிக் குடித்தாள்.

வீடு திரும்பி ஈஸ்வரமூர்த்தியிடம் சொன்னாள். அவர் விசும்பி விசும்பி அழுதார். அவள் அவருக்குத் தோசை சுட்டுக் கொடுத்தாள்.

தகராறு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று செவிலியிடம் சொன்னாள். அது கோபப்படாமல் அதையே இன்னும் எளிமையாகச் சொன்னது. மறுபடி வேண்டாம் என்றாள். “புதன்கெழம வாங்கம்மா. சரிங்களா?” என்றது. காரணம் சொல்லிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு பொறுமையான ஏஜென்டை அவள் பார்த்ததில்லை.

மூவரும் டாக்டர் ஜெபசிங்கைப் பார்க்கப் போனார்கள். அவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்வேன் என்றுகூடச் சொன்னார். பிறகு திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“நீங்க முதல் படியில இருக்கீங்கம்மா. முதல் படியில ‘வேண்டாம்’னு ஒரு பதிலே எங்களுக்கு வராது. ‘இன்னும் புரியவில்லை’ன்னுதான் வரும்.”

“எனக்குப் புரியுதுன்னு உங்களுக்குத் தெரியுதுங்களா?”

“நல்லாத் தெரியுது.”

“அப்ப அதை எழுதுங்க.”

“எழுத இடமில்லைம்மா” என்றார் டாக்டர். சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை போகாவிட்டால் என்ன ஆகும் என்று ஈஸ்வரமூர்த்தி கேட்டார். ஒன்றும் ஆகாது, யாரும் வந்து தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள் என்றார் டாக்டர். ஆனால் ஏதாவது ஒரு சிகிச்சைக்குச் சரி சொன்ன பிறகுதான் பலமான வலி மருந்து வெளியே வரும். சரி சொல்லாதவருக்குச் சாதாரண மாத்திரைதான். அது இந்த வலிக்குக் காணாது. அப்போதே சாந்தாமணி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடிதான் உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனுக்குப் போவது, இல்லை வலியோடு கிடப்பது என்று இரண்டில் ஒன்றில் வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை மிருதுளா தன் மேலதிகாரி ஹரிஹரசுதனிடம் போனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, டீ வரவழைத்து, அவள் குடிக்கும்வரை காத்திருந்தார். படியை உடனே ஏற்ற அவருக்கும் அதிகாரமில்லை. படி இறக்கியதாக அவள் எழுதிக்கொடுத்தால் அவள் வேலை போகும். அப்போதும் மூன்று மாதம் மூன்று மாதம்தான். “அம்மாவுக்கு வந்ததாலதான் இது உங்களுக்குத் தப்பாத் தெரியுது” என்றார். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

அவள் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். எதிரே விதிகள். கணைய ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கும் தன் பழைய வாக்கியத்தைத் திரையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். முதல் படிக்காரர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சரி என்றுதான் சொல்ல முடியும். அப்படியானால் சரி சொல்லத் தக்கதாகக் கேள்வியை மாற்ற வேண்டும். வாக்கியத்தோடு எந்தச் சிகிச்சையை இணைப்பது என்பது எழுதுகிறவர் கையில்தான் இருந்தது. அந்த நோய்க்கான பட்டியலில் அது இருந்தால் போதும். வீட்டில் வைத்துப் பார்ப்பதும் பட்டியலில் இருந்தது. நான்காம், ஐந்தாம் படிகளில் இருப்பவர்களுக்குத்தான் அது இதுவரை சொல்லப்பட்டு வந்தது.

‘ஏனுங்கம்மா, ஆபரேஷன் வேண்டாமுங்க. நீங்க வீட்டுலயே இருந்துக்கங்க, வலிக்கு மருந்து வீடு தேடி வரும். சரிங்களா?’

எண் இல்லை. அல்லது இல்லை. வாக்கியங்களைச் சரிபார்ப்பதும் ஒரு மென்பொருள்தான். எல்லாக் கட்டத்திலும் பச்சை காட்டியது.

இது அம்மாவுக்கு மட்டும் போகாது என்று அவளுக்குத் தெரியும். முதல் படியில் இந்த நோயோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் போகும். வெட்டினால் பிழைக்கிறவருக்கும் போகும். சாயங்காலமே பழையதைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டாள். அரை நாளில் எத்தனை பேருக்குப் போய்விடும் என்றும் சொல்லிக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு விடை அவள் திரையிலேயே இருந்தது. அதை அவள் திறந்து பார்க்கவில்லை.

அம்மாவை ஃபோனில் கூப்பிட்டு, “இப்பக் கேளும்மா” என்றாள்.

ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு சாந்தாமணி முழுவதும் கேட்டாள். பழக்கதோஷத்தில் ஏதோ கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டாள். பிறகு, “சரி” என்றாள். செவிலி சொல்லி அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான். மறுநாள் மருந்து வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே மிருதுளா பழைய வாக்கியத்தைப் போடப் போனபோது பூட்டு விழுந்திருந்தது. ஹரிஹரசுதன் அவள் மேசைக்கே சிரித்த முகத்தோடு வந்தார். இந்த வாக்கியத்துக்கு எல்லோரும் முதல் தடவையிலேயே சரி சொல்லிவிட்டார்களாம். ஒருவருக்குக்கூட மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடத்தில் எந்த வாக்கியத்துக்கும் இப்படி நடந்ததில்லை. சிறந்த வாக்கியத்தை யாரும் கெடுத்துவிடாதபடி பூட்டிவைப்பது அங்கே தானாக நடக்கும்.

ஏன் மாற்றினாள், யாருக்கெல்லாம் போயிருக்கும் என்று மிருதுளா சொன்னாள். அவர் சிரிப்பு மெல்லப் போயிற்று.

“இது தப்பான வாக்கியம்னு நாம அறிவிச்சா, இதைக் கேட்டுச் சொன்ன எல்லாச் சரியும் செல்லாமப் போயிடும். மருந்து நிக்கும். பழைய வாக்கியத்தை எல்லாருக்கும் மறுபடி சொல்லும். எல்லாருக்கும்னா எல்லாருக்கும், மிருதுளா. ஒருத்தரை மட்டும் விட்டுவைக்க முடியாது” என்றார். பிறகு, “நாளைக்கு வந்து சொல்லுங்க. இன்னிக்கு நான் எதையும் கேக்கலைன்னு வெச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் மறுநாள் லீவு போட்டாள். அதற்கடுத்த நாளும் போகவில்லை.

மருந்து நன்றாக வேலை செய்தது. சாந்தாமணி காங்கயம் போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வந்தாள். பாலிசிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இனி யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவைத்தாள். ஈஸ்வரமூர்த்தி பட்டறையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து அவளோடு உட்கார்ந்து டிவி பார்த்தார். மதியங்களில் மிருதுளா அம்மாவுக்குத் தலைவாரிவிட்டாள். அம்மாவோடு இத்தனை சந்தோஷமாக இருந்ததாக அவளுக்கு நினைவே இல்லை. அலுவலகத்திலிருந்து வரும் அழைப்புகளை எடுக்காமல் விட்டாள்.

அனுப்பர்பாளையத்திலிருந்து லோகநாயகி ஒருநாள் பார்க்க வந்தாள். சாந்தாமணியின் பழைய பாலிசிக்காரி. ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தாள். நோயாளியைப் பார்க்க வந்தவள் மாதிரி இல்லாமல் முகம் மலர்ந்து இருந்தாள். காரணத்தைத் தானே சொன்னாள். சாயப்பட்டறையில் வேலை செய்யும் அவள் தம்பிக்கும் இதே கட்டிதானாம். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது, சின்னதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டதாம். வெட்டி எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் சொல்லியிருந்தார்களாம். வயிற்றைக் கிழிப்பதா என்று வீடே பயந்து கிடந்ததாம்.

“அப்பறம் பாத்தா செவிலியே சொல்லிருச்சுங்கக்கா, ஆபரேஷனெல்லாம் வேண்டாம், வீட்டுலயே இருன்னு. நெம்ப நல்லதாப் போச்சு. வெள்ளிக்கெழம மாரியாத்தாளுக்குப் பொங்க வெச்சோம். டாக்டருகூடக் கூப்பிட்டு ஏதோ பேசுனாருங்க. செவிலியே சொன்னப்பறம் அவர எதுக்குக் கேக்கறது?”

எந்தக் கிழமை அப்படிச் சொன்னது என்று சாந்தாமணி கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றாள் லோகநாயகி. சாந்தாமணி அவளை உட்காரவைத்து, காபி கொடுக்கச் சொல்லி, தம்பிக்கு எத்தனை குழந்தைகள் என்று விசாரித்தாள். இரண்டு பெண்களாம், மூத்தவள் இந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாளாம். அக்கா தைரியமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு லோகநாயகி கிளம்பினாள்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் சாந்தாமணி மகளைப் பார்த்தாள்.

“எனக்கு மட்டுந்தான மாத்துன?”

மிருதுளா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“இங்க வா. உக்காரு. அந்தப் பையனுக்கு என்ன ஆகும்னு சொல்லு. முழுசாச் சொல்லு.”

முழுசாகச் சொன்னால் அம்மா என்ன செய்வாள் என்று மிருதுளாவுக்குத் தெரியும். அந்த நிமிடமே ஃபோனை எடுத்து லோகநாயகியைக் கூப்பிடுவாள். அப்புறம் ஆஸ்பத்திரியை, அப்புறம் கம்பெனியை. நாளைக்கு மருந்து வராது. நாற்காலிக் கைப்பிடியை மறுபடி இறுக்கிப் பிடிக்க ஆரம்பிப்பாள். மிருதுளா அந்தக் கையைப் பார்த்தாள். அது இப்போது மடியில் தளர்வாகக் கிடந்தது.

“அதையெல்லாம் நீங்க நெனைக்காதீங்கம்மா” என்றாள். “மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க. சரிங்களா?”

பிறந்ததிலிருந்து அவள் அம்மாவை நீங்க என்று சொன்னதில்லை.

சாந்தாமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை.

மிருதுளா அதையே இன்னும் கொஞ்சம் எளிமையாக மறுபடி சொன்னாள்.